கரையில் ஓட்டும்போது அவுட்போர்டு இன்ஜின் தரும் தொல்லைகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

படகின் பின்பக்கம் வெளியே மாட்டுகிற இன்ஜின்தான் அவுட்போர்டு. கடலில் ஓடும்போது அது குளிர்வதற்குக் கடலே தண்ணீர் கொடுத்துவிடும். கரையில் தூக்கி வைத்து ஸ்டார்ட் செய்யும்போது அந்தத் தண்ணீரை நாம்தான் கொடுக்க வேண்டும். கரையில் ஓட்டிக் கெடுத்த இன்ஜின்கள் என் கைக்கு எத்தனையோ வந்திருக்கின்றன. பெரும்பாலானவற்றில் நடந்தது ஒன்றுதான்: "ஒரு தடவை இழுத்துப் பார்ப்போம், ஓடுதான்னு தெரிஞ்சா போதும்" என்று தண்ணீர் இல்லாமல் கயிற்றை இழுத்திருக்கிறார்கள்.

மன்னார் வளைகுடாக் கரையில் நான் அதிகம் கை வைப்பது ஃபைபர் வள்ளங்களில் மாட்டுகிற 8, 9.9 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் இன்ஜின்கள். இங்கே எழுதுவதும் அவற்றை வைத்துத்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலம் விசைப்படகுகளுக்கு. நாட்டுப்படகு அப்போதும் கடலுக்குப் போகும். எங்கள் இன்ஜின்கள் நாள்கணக்கில் சும்மா கிடப்பது வாடைக்காற்று அடிக்கிற ஐப்பசி, கார்த்திகையில்தான். அப்போது ஏற்றி வைக்கும் முன் உப்பைக் கழுவ ஒரு ஓட்டம், திரும்ப இறக்கும் முன் சோதிக்க ஒரு ஓட்டம். இந்த இரண்டையும் ஒழுங்காகச் செய்தால் கோளாறு கரையிலேயே தெரிந்துவிடும். நாலு பாக ஆழத் தண்ணீரில் அலை தூக்கிப் போடும்போது மூடியைக் கழற்றிக்கொண்டு நிற்க வேண்டாம்.

தண்ணீர் போகும் வழி

இன்ஜின் காலின் (தண்ணீருக்குள் இறங்குகிற கீழ்ப்பகுதியின்) உள்ளே, கியர் பெட்டிக்கு மேலே, ஒரு சின்னக் கிண்ணம் இருக்கிறது. அதற்குள் ரப்பர் இம்பெல்லர். கிண்ணம் நடுவில் இல்லாமல் சற்று ஒதுங்கி இருப்பதால், இம்பெல்லரின் இதழ்கள் ஒரு பக்கம் மடங்கி மறுபக்கம் நிமிரும். அந்த நிமிர்வில்தான் தண்ணீர் உறிஞ்சப்பட்டு, குழாய் வழியே மேலேறி, சிலிண்டரைச் சுற்றி, தெர்மோஸ்டாட்டை (சூடேறினால் திறக்கிற வால்வை) தாண்டிப் புகையோடு வெளியே போகிறது. அதில் ஒரு சிறு பங்குதான் பக்கவாட்டுத் துளை வழியாகப் பீச்சுகிறது.

ரப்பருக்கு எண்ணெயும் தண்ணீரே, குளிர்ச்சியும் தண்ணீரே. இம்பெல்லர் இன்ஜின் வேகத்திலேயே சுற்றும். ஸ்லோவில் நிமிடத்துக்கு 1,000 சுற்று என்று வைத்துக்கொண்டால், பத்தே வினாடியில் 160 தடவைக்கு மேல் காய்ந்த கிண்ணத்தில் ரப்பர் உரசிவிடும். இதழ்களின் நுனி பளபளவென்று தேய்ந்து, கருகின வாடை வந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

ஓட்டும் முன்

டிரம்தான் எனக்குப் பிடித்த வழி. 200 லிட்டர் டிரம்மின் வாயை வெட்டிவிட்டு, பக்கத்தில் இன்ஜினைத் தாங்கும் கனமான மரச்சட்டம். ப்ரொப்பல்லருக்கு மேலே படுக்கையாக ஒரு தட்டு இருக்கிறதல்லவா, அது நாலு விரல்கடை முழுகும்வரை தண்ணீர் நிற்க வேண்டும். ப்ரொப்பல்லரைக் கழற்றிவிடுங்கள். ஒரு பின்னும் ஒரு நட்டும்தான். விரலைவிட அது பெரிதல்ல.

டிரம் இல்லாவிட்டால், காதை மூடுகிற மாதிரி இரண்டு ரப்பர் கிண்ணம் வைத்த கவ்வி கிடைக்கிறது. காலின் இருபக்கமும் உள்ள தண்ணீர்ச் சல்லடையை அது முழுவதும் மூட வேண்டும். முதலில் பைப்பைத் திறந்து தண்ணீர் ஓரங்களில் வழிவதைப் பார்த்த பிறகே கயிற்றில் கை வைக்க வேண்டும். நிறுத்தும்போது தலைகீழ்: முதலில் இன்ஜின், பிறகு பைப். சில மாடல்களில் சல்லடை அந்தத் தட்டின் அடியிலோ, கவ்வி உட்காராத வேறு இடத்திலோ இருக்கும். அவற்றுக்கு டிரம்தான்.

ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பலவற்றில் தோட்டத்து ஹோஸை நேரே மாட்டுகிற வாய் இருக்கிறது. அதில் விடுகிற தண்ணீர் இம்பெல்லருக்கு மேலே நுழைகிறது. இம்பெல்லர் காய்ந்தேதான் நிற்கும். கையேடு "ஓட்டலாம்" என்று தெளிவாகச் சொல்லாதவரை, அதில் தண்ணீர் விடும்போது இன்ஜினை ஸ்டார்ட் செய்யவே கூடாது.

திறந்தவெளியில் மட்டும் ஓட்டுங்கள். கொட்டகைக்குள் புகை கட்டினால் கார்பன் மோனாக்சைடு மணமில்லாமல் ஆளைச் சாய்த்துவிடும். நியூட்ரலில்தான் ஓட வேண்டும், குழந்தைகள் பக்கத்தில் வரக் கூடாது.

கழுவுகிற தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் கரையோர போர்வெல்களில் பாதி உவர்த் தண்ணீர். உப்பைக் கழுவ உப்புத் தண்ணீரையே விட்டால் பாதி வேலைதான் நடக்கும். நாக்கில் வைத்துப் பாருங்கள். கரித்தால், கடைசி இரண்டு நிமிடத்துக்காவது லாரித் தண்ணீரோ பிடித்து வைத்த மழைத்தண்ணீரோ கொடுங்கள்.

ஓடுகிறது, பக்கத் துளையில் தண்ணீர் வரவில்லை

ஸ்டார்ட் ஆனதும் எண்ணத் தொடங்குங்கள். பத்து எண்ணுவதற்குள் பெரும்பாலும் பீச்சத் தொடங்கும். இருபது எண்ணியும் வரவில்லையென்றால் நிறுத்திவிடுங்கள். "கொஞ்சம் ரேஸ் கொடுத்தா ஏறிடும்" என்று யாராவது பக்கத்திலிருந்து சொல்வார்கள். கேட்காதீர்கள்.

முதலில் வெளியே பாருங்கள். கவ்வி நழுவியிருக்கிறதா, ஹோஸ் மடிந்திருக்கிறதா, டிரம்மில் தண்ணீர் தட்டுக்குக் கீழே இறங்கிவிட்டதா. சல்லடையில் பாசியோ பிளாஸ்டிக் தாளோ ஒட்டியிருக்கிறதா.

அடுத்தது துளை. தடிமனான தங்கூசியில் (நைலான் தூண்டில் நூலில்) ஒரு சாண் வெட்டித் துளைக்குள் விட்டு முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கம்பி வேண்டாம், உள்ளே இருக்கும் வளைவைக் குத்திக் கிழித்துவிடும். நாள்கணக்கில் கொட்டகையில் கிடந்த இன்ஜின் என்றால் அங்கே குளவி மண்ணை அடைத்திருக்கும்; தங்கூசியின் நுனியில் ஈரமான செம்மண் ஒட்டி வரும். உப்பு அடைத்திருந்தால் நறநறவென்று இருக்கும், வெந்நீரைப் பீச்சினால் கரையும்.

துளை சுத்தமா என்பதில் சந்தேகம் இருந்தால், மூடியைக் கழற்றி, அந்தத் துளைக்கு வருகிற சின்ன ரப்பர்க் குழாயை உருவிவிட்டு ஒரு பத்து வினாடி ஓட்டுங்கள். சுற்றுகிற சக்கரத்தின் பக்கம் கையோ சட்டையோ போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உருவின இடத்தில் தண்ணீர் கொட்டினால் பம்ப் நலம், அடைப்பு வெளிவாயில்தான். அங்கேயும் வரவில்லையென்றால் காலை இறக்க வேண்டியதுதான்.

காலை இறக்கும்போது கியர் மாற்றுகிற கம்பி எப்படி இணைந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கழற்றுங்கள். பம்பின் கிண்ணத்தைத் திறந்ததும் இம்பெல்லரை எடுத்துக் கையில் வையுங்கள். நல்ல இம்பெல்லரின் இதழை விரலால் மடக்கினால் உடனே நிமிரும். கெட்டதில் இதழ்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்தே நின்றுவிடும். அடியில் மடங்குகிற இடத்தில் நூல் போல வெடிப்பு ஓடும். இதழ்களை எண்ணுங்கள். ஒன்று குறைந்தால், அந்தத் துண்டு கிடைக்கும்வரை புதியதைப் போடாதீர்கள்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு அண்ணன் இன்ஜினைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். வேறொரு இடத்தில் இம்பெல்லர் மாற்றி மூன்று வாரம்தான் ஆகிறது, ஆனாலும் சூடாகிறது என்றார். திறந்தால் இம்பெல்லர் புத்தம் புதிது. மேலே போகிற செம்புக் குழாயை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். வெளிச்சம் பிறை போலத்தான் தெரிந்தது. மெல்லிய குச்சியால் தள்ளியதும், சுண்டுவிரல் நகத்தளவு கறுப்பு ரப்பர் துண்டு உப்போடு கெட்டியாகி வந்து விழுந்தது. பழைய இம்பெல்லரின் இதழ். அதைத் தேடாமல் மூடியிருக்கிறார்கள். அந்த மூன்று வாரமும் அவர் எட்டுப் பத்துக் கடல்மைல் போய் வந்திருக்கிறார். அந்தத் துண்டை ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். இம்பெல்லர் மாற்றக் கற்றுக்கொள்ள வருகிற பையன்களுக்கு முதலில் அதைத்தான் காட்டுவேன்.

புது இம்பெல்லர் போட்டாயிற்று, அப்போதும் தண்ணீர் இல்லை

இது வேலை செய்தவரின் கைப்பிழை. நான்கு இடம் பார்த்தால் போதும்.

இம்பெல்லரைத் தண்டோடு பூட்டுகிற பொடிச் சாவி என்கிற சின்ன உலோகத் துண்டு கீழே விழுந்திருக்கும். கிரீஸில் ஒட்டி வைக்காமல் மாட்டினால் இப்படித்தான். தண்டு சுற்றும், இம்பெல்லர் சும்மா இருக்கும்.

காலைத் திரும்ப மேலே தள்ளும்போது தண்ணீர்க் குழாய் அதன் ரப்பர் வளையத்துக்குள் போகாமல் பக்கத்தில் நின்றிருக்கும். எல்லா போல்ட்டும் இறுகியிருக்கும், வெளியில் எந்த அடையாளமும் இருக்காது, தண்ணீர் காலுக்குள்ளேயே கொட்டிக்கொண்டிருக்கும். மாட்டும்போது ஒருவர் காலைத் தள்ள, ஒருவர் குனிந்து குழாயைப் பார்த்துச் சொல்ல வேண்டும். தனியாளாகச் செய்கிற வேலை இல்லை.

கேஸ்கட் கிழிந்தோ, அடித்தட்டு கோடு விழுந்து தேய்ந்தோ இருந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும். இதழ்கள் தவறான பக்கம் மடங்கியிருந்தால் ஓடத் தொடங்கியதும் திரும்பி மடங்க முயன்று சேதமாகும். கிண்ணத்தை இறக்கும்போதே தண்டை மேலிருந்து பார்த்து வலப்பக்கமாகச் சுற்றிக்கொண்டே இறக்க வேண்டும். வழுக்குவதற்குச் சோப்புத் தண்ணீர் தடவுங்கள், போதும்.

தண்ணீர் வருகிறது, ஆனால் நூல் போல

ஸ்லோவில் கொஞ்சம் மெலிந்து வருவது இயல்பு. ஒரு முறை லேசாக ரேஸ் கொடுத்தால் தடிக்க வேண்டும். தடித்தால் கவலையில்லை.

டிரம்மில் ஓட்டும்போது மட்டும் மெலிந்தால், தண்ணீரைப் பாருங்கள். புகை அந்தத் தண்ணீருக்குள்ளேயேதான் வெளியேறுகிறது. ஐந்து நிமிடத்தில் டிரம் முழுக்க நுரையும் குமிழியுமாகி, பம்ப் தண்ணீரோடு காற்றையும் உறிஞ்சத் தொடங்கும். டிரம்மில் ஒரு ஹோஸைப் போட்டு, தண்ணீர் மேலே வழிந்துகொண்டே இருக்கும்படி செய்தால் இது தீரும். இன்ஜினிலிருந்து கழுவி வந்த உப்பும் வழிந்து போய்விடும். இல்லாவிட்டால் அதே உப்பைத்தான் சுற்றிச் சுற்றி ஏற்றிக்கொண்டிருப்பீர்கள்.

கவ்வியில் மெலிந்தால், மேல்நிலைத் தொட்டியின் அழுத்தம் போதவில்லை என்று பெரும்பாலும் அர்த்தம். மெல்லிய ஹோஸை மாற்றி முக்கால் இஞ்ச் ஹோஸ் போட்டுப் பாருங்கள். இரண்டிலும் மெலிந்துதான் வருகிறதென்றால் இம்பெல்லருக்கு வயதாகிவிட்டது. நான் வருடத்துக்கு ஒன்று என்று மாற்றிவிடுகிறேன், நன்றாக இருந்தாலும். அதன் விலையையும் ஒரு பிஸ்டன் செட்டின் விலையையும் ஒப்பிட்டால் யோசிக்கவே வேண்டாம்.

தண்ணீர் நன்றாக வருகிறது, ஆனாலும் தலை கொதிக்கிறது

பக்கத் துளையில் தண்ணீர் வருவது பம்ப் வேலை செய்கிறது என்பதற்குச் சாட்சி. சிலிண்டர் முழுக்கத் தண்ணீர் சுற்றுகிறது என்பதற்கு அது சாட்சி இல்லை. பல இன்ஜின்களில் அந்தக் குழாய் தெர்மோஸ்டாட்டுக்கு முன்பே பிரிந்துவிடும்.

சிலிண்டர் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சுர்ரென்று பொங்கி மறைந்தால் உடனே நிறுத்துங்கள். கொதித்த இன்ஜினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றாதீர்கள், தலை வளைந்துவிடும். தானாக ஆறட்டும்.

ஆறியதும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, நூலில் கட்டி, அடுப்பில் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் தொங்கவிடுங்கள். டூ ஸ்ட்ரோக்கில் பெரும்பாலும் 50 டிகிரியை ஒட்டி, ஃபோர் ஸ்ட்ரோக்கில் 60 டிகிரியை ஒட்டித் திறக்கத் தொடங்கும். தண்ணீர் கொதிக்கிறபோதும் வாய் திறக்கவில்லையென்றால் மாற்ற வேண்டியதுதான். "தெர்மோஸ்டாட்டே வேண்டாம், எடுத்துப் போட்டுட்டு ஓட்டு" என்று பலர் செய்கிறார்கள். இன்ஜின் சரியான சூட்டுக்கே வராமல் பிளக்கில் கரி பிடிக்கும், எரிபொருள் அதிகம் குடிக்கும். நான் அதைச் செய்வதில்லை.

தெர்மோஸ்டாட் நன்றாகத் திறந்தும் கொதித்தால், சிலிண்டரைச் சுற்றிய தண்ணீர்ச் சந்துகளில் உப்பு கல்லாகிவிட்டது. தலையைக் கழற்றிச் சுரண்ட வேண்டிய வேலை. அனுபவமுள்ள கையிடம் கொடுங்கள்.

கயிறு இழுபடவில்லை

பலம் கொடுத்து இழுக்கும் முன் கியரைப் பாருங்கள். பல மாடல்களில் கியர் விழுந்திருந்தால் கயிறு பூட்டிக்கொள்ளும், அது பாதுகாப்புக்காக வைத்தது. நியூட்ரலுக்குக் கொண்டுவந்தால் இழுபடும்.

நியூட்ரலிலும் இழுபடாவிட்டால், கடைசியாக இன்ஜினை எப்படிப் படுக்க வைத்தீர்கள் என்று யோசியுங்கள். கழுவிய கையோடு, தலை தாழ்வாகவும் கால் உயரமாகவும் சாய்த்திருந்தால், காலில் தேங்கிய தண்ணீர் புகைவழியாக சிலிண்டருக்குள் இறங்கியிருக்கும். தண்ணீர் நசுங்காது, பிஸ்டன் மேலேற முடியாமல் நிற்கும். இரண்டு பிளக்கையும் கழற்றி, நிறுத்து சுவிட்சின் கயிற்றை உருவிவிட்டு, மெதுவாக இழுத்தால் பிளக் துளையிலிருந்து தண்ணீர் பீறும். எல்லாம் வெளியேறிய பிறகு ஒவ்வொரு துளையிலும் ஒரு கரண்டி டூ ஸ்ட்ரோக் ஆயில் விட்டு, நாலைந்து தடவை இழுத்து, பிளக்கைக் காயவைத்து மாட்டி, அன்றைக்கே ஓட்டிவிடுங்கள். நாளைக்கு என்று விட்டால் உள்ளே துரு பிடித்துவிடும்.

ஸ்டார்ட் ஆகி இரண்டு நிமிடத்தில் அணைந்துவிடுகிறது

இதற்கும் தண்ணீருக்கும் சம்பந்தமில்லை, எரிபொருள்தான். டேங்க் மூடியின் காற்றுத் திருகைத் திறந்தீர்களா? திறக்காவிட்டால் டேங்கில் வெற்றிடமாகி எரிபொருள் வராது. கையால் அமுக்குகிற பல்பு சப்பையாகி ஒட்டிக் கிடக்கும். பல்பை மாற்றியிருந்தால் அதன் மேலுள்ள அம்புக்குறி இன்ஜின் பக்கம் பார்க்கிறதா என்று பாருங்கள்.

இரண்டு மாதம் டேங்கில் கிடந்த பெட்ரோலை நம்பாதீர்கள். இப்போது பங்க்கில் வருகிற பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். கடல் காற்றின் ஈரத்தை அது உறிஞ்சி, ஒரு கட்டத்தில் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கும். ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து வெயிலுக்கு எதிரே பாருங்கள், கோடு போட்டாற்போல் இரண்டு அடுக்கு தெரிந்தால் கொட்டிவிடுங்கள். புதியது கலக்கும்போது, கையேடு 50-க்கு 1 என்று சொல்கிற இன்ஜினுக்கு லிட்டருக்கு 20 மில்லி ஆயில்.

மண்ணெண்ணெய் இன்ஜின் என்றால், கரையில் கழுவுகிற ஓட்டம் முழுவதையும் பெட்ரோலிலேயே முடியுங்கள். ஸ்லோவில் பத்து நிமிடம் மண்ணெண்ணெயில் ஓடினால் பிளக் நனைந்து கறுத்துவிடும், அடுத்த முறை விடியற்காலை இருட்டில் இழுத்து இழுத்துத் தோள் கழன்றுவிடும்.

ரேஸ் கொடுத்தால் அலறுகிறது

கடலில் ப்ரொப்பல்லர் தண்ணீரைத் தள்ளும் பாரம் இருக்கிறது. கரையில் அது இல்லை. அதனால் பிடியைக் கால்வாசி திருகினாலே வேகம் எகிறிவிடும். டூ ஸ்ட்ரோக்கில் ஆயில் பெட்ரோலோடுதான் வருகிறது. பாரமில்லாமல் அலறவிட்டால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளலாம். ஸ்லோவுக்குச் சற்று மேலே, அவ்வளவுதான். முழு வேகத்தில் ஓடுகிறதா என்பதைக் கடலில் இறக்கித்தான் சோதிக்க வேண்டும்.

டிரம் தண்ணீரில் எண்ணெய் மிதக்கிறது

புகையோடு வருகிற ஆயிலால் வானவில் நிறத்தில் மெல்லிய படலம் மிதப்பது டூ ஸ்ட்ரோக்கில் இயல்பு. ப்ரொப்பல்லர் தண்டின் ஓரத்திலிருந்து கெட்டியான எண்ணெய் சொட்டுச் சொட்டாக எழும்பி வந்தால் அது கியர் ஆயில். கியர் பெட்டியின் அடித்திருகைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். மோர் போல வெளுத்து வந்தால் சீல் போய், தண்ணீர் உள்ளே நுழைந்துவிட்டது. ப்ரொப்பல்லரைக் கழற்றிய இடத்தைப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் அங்கேயே இருக்கும்: தண்டைச் சுற்றி இறுகின தங்கூசி. அதுதான் சீலை அறுக்கிறது. சீலை மாற்றி, புது ஆயிலை அடித்துளை வழியாக ஏற்றி, மேல்துளையில் வழியும்போது முதலில் மேல்திருகை மூடுங்கள்.

கழுவியும் உப்புப் பூக்கிறது

இரண்டு நிமிடம் ஓட்டி நிறுத்தியிருப்பீர்கள். தெர்மோஸ்டாட் திறக்கிற சூடு வந்தால்தான் நல்ல தண்ணீர் எல்லாச் சந்துக்கும் போகும். துளையில் வருகிற தண்ணீர் கையில் வெதுவெதுப்பாகப் படத் தொடங்கியதிலிருந்து எண்ணி, இன்னும் ஐந்து நிமிடம். மொத்தம் பத்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருகிற தண்ணீரில் ஒரு சொட்டைக் கறுப்பு மூடியின் மேல் விட்டுக் காயவிட்டால், வெள்ளை வளையம் எவ்வளவு படிகிறது என்று கண்ணுக்கே தெரியும்.

பிறகு எரிபொருள்க் குழாயைக் கழற்றி, கார்புரேட்டரில் இருப்பது தீர்ந்து தானாக அணையும்வரை ஓடவிடுங்கள். அதுவரை தண்ணீர் நிற்கக் கூடாது. அணைந்ததும் காலை டிரம்மிலிருந்து எடுத்து, செங்குத்தாக நிறுத்தி, உள்ளே இருப்பதெல்லாம் வடியவிடுங்கள். நிறுத்து சுவிட்சின் கயிறு உருவியிருக்க, ஒன்றிரண்டு முறை மெதுவாக இழுத்தால் பம்பில் தேங்கியதும் இறங்கிவிடும். சுமந்து போகும்போதும் கொட்டகையில் சாய்க்கும்போதும் தலை எப்போதும் காலைவிட உயரத்தில் இருக்கட்டும்.